கடலோரத்திலிருந்து அன்னபூர்ணா அடிவாரம் வரை விடுதி விடுதியாக நடப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த நாங்கள் ஏழு பேரும் பள்ளிக் காலத்து நண்பர்கள். எங்களில் மூவர் விசைப்படகில் கடலுக்குச் செல்பவர்கள்; மற்ற நால்வரும் கரையில் வேலை பார்ப்பவர்கள். நேபாளத்தில் உள்ள அன்னபூர்ணா அடிவார முகாமை நோக்கி ஒன்பது நாட்கள் நடந்துவிட்டு ஊர் திரும்பியதிலிருந்து, அதே போல ஒரு குழுவாகப் புறப்பட விரும்பும் நம் பகுதி இளைஞர்கள் எங்களிடம் கேட்டுவரும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

விடுதி விடுதியாக நடப்பது என்றால் என்ன? கூடாரம் சுமக்க வேண்டாமா?

வேண்டாம். அன்னபூர்ணா வழியில் சில மணி நேர நடைக்கு ஒரு முறை சிற்றூரோ நான்கைந்து விடுதிகள் சேர்ந்த இடமோ வந்துவிடுகிறது. அங்கே இரண்டு கட்டில்கள் போட்ட சிறிய அறையும் போர்வையும் சுடுசோறும் கிடைக்கும். நம்மவர்களுக்கு இது புதிய ஏற்பாடே அல்ல. சேதுவுக்கு நடந்து வந்த யாத்திரிகர்கள் ஒரு மடத்தில் படுத்து எழுந்து அடுத்த சத்திரத்துக்கு நடந்ததன் அடையாளம் தங்கச்சிமடம், அக்காள்மடம், முகுந்தராயர் சத்திரம் என்று நம் ஊர்ப் பெயர்களிலேயே இருக்கிறது. அங்குள்ள முறையில் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: எந்த விடுதியில் படுக்கிறோமோ அங்கேயே இரவு உணவும் காலை உணவும் உண்ண வேண்டும். அறை வாடகை குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம்.

இமயமலையில் எத்தனையோ வழிகள் இருக்க, இதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?

முதல் முறை மலைக்குச் செல்பவர்களுக்குக் கயிறு, பனிக்கோடரி போன்ற கருவிகள் தேவைப்படாத வழி இது. பெரும்பகுதி கல்படிகளும் காட்டுப் பாதையும்தான். 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணாவின் தெற்குச் சுவர் வரை, மலையேறும் பயிற்சி பெறாத ஒருவரும் தம் காலால் நடந்தே சென்றுவிடலாம். எங்கள் மூன்று மீனவ நண்பர்களை இழுத்தது வேறொரு மலை. வழி நெடுக உடன் வரும் 6,993 மீட்டர் உயரமுள்ள சிகரத்தின் பெயர் மச்சபுச்சரே, அதாவது மீன்வால். சில கோணங்களிலிருந்து பார்த்தால், தலைகீழாக நிற்கும் மீனின் வாலைப் போல அதன் உச்சி இரண்டாகப் பிளந்து நிற்கும். புனிதமான மலை என்பதால் அதன் மீது ஏற நேபாள அரசு அனுமதிப்பதில்லை. 1957ஆம் ஆண்டு ஏறிய பிரித்தானியக் குழுவினரும் உச்சிக்குச் சிறிது தூரம் கீழேயே நின்று திரும்பிவிட்டார்கள்.

எந்த மாதத்தில் செல்வது நல்லது?

அக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் வரை வானம் மிகத் தெளிவாக இருக்கும். அதற்கு அடுத்தபடியாக மார்ச், ஏப்ரல் மாதங்களைச் சொல்லலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் அட்டையும் மண்சரிவும் இருப்பதால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

எங்களுக்குத் தேர்வே இருக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் விசைப்படகு நண்பர்களுக்குத் தொடர்ந்து ஓய்வு கிடைக்கும். ஆகவே தடை தொடங்கியவுடன் புறப்பட்டு, ஏப்ரல் கடைசி வாரத்தில் நடந்தோம். அந்தப் பருவத்தில் நேபாளத்தின் தேசிய மலரான லாலி குராஸ் காடெங்கும் சிவந்து பூத்திருக்கும். பிற்பகலில் மேகம் கவிந்து மழையோ ஆலங்கட்டியோ விழுவது வழக்கமாதலால், காலை ஆறு மணிக்குப் புறப்பட்டுப் பகல் ஒரு மணிக்குள் விடுதி சேர்ந்துவிட வேண்டும். அதிகாலையில் வலை வளைக்கப் பழகியவர்களுக்கு இது எளிதாக இருந்தது. எங்களைப் போன்ற கரைவாசிகளைத்தான் அவர்கள் எழுப்ப வேண்டியிருந்தது.

மலைக்குச் செல்பவர்கள் புயல் எச்சரிக்கையைக் கவனிக்க வேண்டுமா?

கட்டாயம் கவனிக்க வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை மறக்க முடியாத நமக்கு, வங்கக் கடலின் புயல் இமயமலை வரை சென்று உயிர்களைக் கொல்லும் என்பது வியப்பாக இருக்கலாம். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுத்ஹுத் புயலின் மிச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டே நாளில் அன்னபூர்ணா மலைத்தொடரின் மறுபுறத்தில், 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கும் தொரோங் கணவாய்ப் பகுதியில் கடும் பனிப்புயலாகக் கொட்டியது. மலை நடையாளர்களும் வழிகாட்டிகளும் உள்ளூர்க்காரர்களுமாக 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆகவே வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகி வடக்கு நோக்கி நகர்கிறது என்ற செய்தி வந்தால், மேலே செல்லாமல் தாழ்வான விடுதியிலேயே இரண்டு நாள் தங்கிவிடுங்கள். கூண்டு ஏற்றிய பின் கடலுக்குச் செல்லாத நாம் மலையிலும் அதே ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும்.

எப்படிச் செல்வது? என்னென்ன ஆவணங்கள் தேவை?

ராமேஸ்வரத்திலிருந்து அயோத்திக்கு வாரம் ஒரு முறை செல்லும் சிரத்தா சேது விரைவு ரயிலில் ஏறி, அங்கிருந்து கோரக்பூர் சென்றோம். கோரக்பூரிலிருந்து ஏறக்குறைய 100 கி.மீ. தொலைவில் சுனௌலி எல்லை இருக்கிறது. எல்லையைக் கடந்ததும், அன்னபூர்ணா நடைக்குப் புறப்படும் நகரமான போக்ராவுக்குப் பேருந்து கிடைக்கும். மலைச்சாலை என்பதால் நேரம் பிடிக்கும்.

இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அடையாள அட்டையின் மூலப் பிரதியைக் கொண்டுசெல்லுங்கள்; ஆதார் அட்டையை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டைப் போக்ராவில் பெற வேண்டும். இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு அதன் கட்டணம் 1,000 நேபாள ரூபாய். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நடையாளர்கள் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும் என்று நேபாளச் சுற்றுலா வாரியம் விதித்திருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள் என்றே நான் சொல்வேன்.

மலையே இல்லாத ஊரில் எப்படிப் பயிற்சி செய்வது?

எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். ராமேஸ்வரம் தீவின் மிக உயர்ந்த இடம் கந்தமாதன பர்வதம். பெயரில் பர்வதம் என்று இருந்தாலும் அது ஒரு மணல்மேடு. ஆகவே இருப்பதை வைத்து நான்கு மாதங்கள் பழகினோம்.

மூச்சுக்கும் தொடைக்கும் மணல் நடையைப் போன்ற பயிற்சி இல்லை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை ஒன்பதரை கி.மீ.; நாங்கள் சாலையை விட்டுவிட்டு, வெயில் ஏறும் முன் கரையோர மணலிலேயே சுமையுடன் நடந்தோம். முதல் மாதம் முதுகுப்பையில் நான்கு லிட்டர் தண்ணீர், கடைசி மாதம் எட்டு லிட்டர். ஆனால் மணல் நடை ஏறுவதற்குத்தான் உதவும். மலையில் முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம். சோம்ரோங் ஊரிலிருந்து ஆற்றங்கரை வரை கல்படிகளில் இறங்கி, மறுகரையில் அதே அளவு மீண்டும் ஏற வேண்டிய பகுதியில் கால் நடுங்காதவர் எங்களில் எவரும் இல்லை. இதற்காக மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் படிகளில் வாரம் மூன்று நாள் சுமையுடன் ஏறி இறங்கினோம். இறங்கும்போது அவசரப்படாமல், முழங்காலைச் சற்றே மடக்கி, பாதம் முழுவதும் படியில் படும்படி வைத்துப் பழகுங்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பாக ஒரு முறை அழகர்மலையில் நூபுர கங்கை வரையும், மற்றொரு முறை பழனிப் படிகளிலும் புதிய காலணியுடன் ஏறினோம்.

காலணியைப் பற்றி ஒரு சொல். சிறு வயதிலிருந்து வெறுங்காலுடன் மணலில் நடந்தவர்களின் பாதம் முன்புறம் அகன்றிருக்கும். கடையில் சரியாகப் பொருந்துவது போலத் தோன்றும் காலணி, மூன்றாம் நாள் இறக்கத்தில் பெருவிரல் நகத்தைக் கறுக்க வைத்துவிடும். ஓர் அளவு பெரிதாக வாங்கி, தடித்த காலுறையுடன் குறைந்தது 100 கி.மீ. நடந்த பிறகே மலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

ஒன்பது நாட்களை எப்படிப் பிரித்தீர்கள்?

பலர் இதே வழியை ஆறேழு நாட்களில் முடிக்கிறார்கள். கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. போக்ராவிலிருந்து வண்டியில் சென்று கந்த்ருக்கில் முதல் இரவு தங்கினோம். உயரம் சுமார் 2,000 மீட்டர். அடுத்த இரவுகள் சோம்ரோங் (2,170), பேம்பூ (2,310), ஹிமாலயா என்ற பெயருள்ள விடுதியிடம் (2,920), தேவ்ராலி (3,230), மச்சபுச்சரே அடிவார முகாம் (3,700) ஆகிய இடங்களில். அங்கிருந்து விடியலுக்கு முன் புறப்பட்டு 4,130 மீட்டரில் உள்ள அன்னபூர்ணா அடிவார முகாமைத் தொட்டு, அன்றே பேம்பூ வரை இறங்குவது, மறுநாள் ஜீனுவில் ஆற்றங்கரை வெந்நீர் ஊற்றில் களைப்பாறுவது, பிறகு போக்ரா திரும்புவது என்று திட்டமிட்டோம். ஹிமாலயாவிலிருந்து தேவ்ராலி இரண்டு மணி நேர நடைதான். அந்த நாளை வீணான நாள் என்று நினைத்துச் சேர்த்து நடக்காதீர்கள்.

அவ்வளவு மெதுவாக ஏன் ஏற வேண்டும்? உடம்புக்கு என்ன ஆகும்?

உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. 4,130 மீட்டரில் அது கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் உடம்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறைந்துவிடும். உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்குச் சில நாட்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், முந்தைய இரவு படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்த இடத்தில் அடுத்த இரவு படுக்கக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. பகலில் எவ்வளவு உயரம் சென்று திரும்பினோம் என்பதைவிட, எந்த உயரத்தில் உறங்கினோம் என்பதே முக்கியம்.

தலைவலியுடன் குமட்டல், தலைசுற்றல், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால் அதை உயர நோய் என்றே கொள்ளுங்கள். நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ மூளையில் நீர் கோத்து வீங்குகிறது என்று பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் சேர்கிறது என்று பொருள். இவ்விரண்டும் உயிரைப் பறிப்பவை. இரவானாலும் மழையானாலும் உடனே கீழே இறக்க வேண்டும்.

கடலில் பதினைந்து நாள் உழைக்கும் உடம்புக்கு இதெல்லாம் வராது என்று சிலர் சொல்கிறார்கள். வரும். உயர நோய் உடற்கட்டைப் பார்த்து வருவதில்லை. நல்ல உரமுள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களே எளிதில் அகப்படுகிறார்கள்.

உயர நோயைத் தடுக்க அசிட்டசோலமைட் மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா?

மருத்துவரைப் பார்த்து, அவர் எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ரத்த அழுத்தம், ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்கள் முழுப் பரிசோதனை செய்துகொள்ளாமல் புறப்படக் கூடாது. இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும் என்பதால் இரவில் அதை உடம்போடு அணைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

குழுவில் ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர்கள் என்ன செய்வது?

இதை ஊரிலேயே, புறப்படுவதற்கு முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள். நாங்கள் செய்த முடிவு இது: எவரும் தனியாக இறங்கக் கூடாது, நண்பர்களில் ஒருவரும் துணை வழிகாட்டியும் உடன் இறங்க வேண்டும், அந்த நண்பர் யார் என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை நான் ஏற்றிருந்தேன்.

அந்தப் பொறுப்பு எனக்கு உண்மையிலேயே வந்தது. எங்களில் மிக வலுவான நண்பர், படகில் சுக்கான் பிடிப்பவர், தேவ்ராலியிலேயே தமக்குத் தலைவலி தொடங்கியதை எங்களிடம் சொல்லவில்லை. தம்மால் மற்றவர்களின் பயணம் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். மறுநாள் மச்சபுச்சரே முகாமில் பிற்பகலில் வாந்தி எடுத்தார். சோற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றார். வழிகாட்டி அவரைக் குதிகாலோடு பெருவிரல் ஒட்ட நேர்கோட்டில் நடக்கச் சொன்னார்; தள்ளாடாமல் நடந்தார். ஆனாலும் காத்திருக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. அவரும் நானும் துணை வழிகாட்டியும் தலைவிளக்கு கட்டிக்கொண்டு அன்று மாலையே தேவ்ராலிக்கு இறங்கினோம். ஏறக்குறைய 470 மீட்டர்தான் குறைந்தது. நள்ளிரவில் எழுந்து பசிக்கிறது என்றார். மற்ற ஐவரும் விடியலில் அடிவார முகாமுக்குச் சென்றுவிட்டு, முற்பகலில் எங்களுடன் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

ஆகவே தலைவலியை மறைக்கக் கூடாது என்பதை உங்கள் குழுவின் முதல் விதியாக வையுங்கள். ஒவ்வொரு நாள் இரவும் உணவுக்குப் பின், தலை வலிக்கிறதா, உணவு இறங்கியதா, உறக்கம் வந்ததா என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக எல்லோரையும் பார்த்து நலமா என்று கேட்டால் நண்பர்கள் நலம் என்றுதான் சொல்வார்கள்.

ஒருவர் வேகமாகவும் ஒருவர் மெதுவாகவும் நடந்தால்?

மிக மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்ததாக முன்னே விடுங்கள். வேகமானவர்கள் பின்னால் வரட்டும். முதல் நாள் இது எரிச்சலூட்டும். மூன்றாம் நாளுக்குள் பழகிவிடும்.

சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

சோறும் பருப்பும் காய்கறியும் ஊறுகாயும் சேர்ந்த தால் பாத் எல்லா விடுதிகளிலும் உண்டு. கேட்கக் கேட்கச் சோறும் பருப்பும் மீண்டும் வைப்பார்கள். நமக்கு அதைவிட ஏற்ற உணவு அங்கே இல்லை. உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே, சுமார் 86 பாகையிலேயே கொதித்துவிடுவதால் சோறு வேக நேரமாகும். விடுதி சேர்ந்தவுடன் இரவு உணவைச் சொல்லி வைத்துவிடுங்கள். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுசென்றது பெரிய துணையாக இருந்தது.

கருவாடு கொண்டுபோகலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். சோம்ரோங்குக்கு மேலே உள்ள பகுதியைத் தெய்வங்களின் இருப்பிடமாக அங்குள்ள குருங் மக்கள் மதிக்கிறார்கள். அதற்கு மேல் இறைச்சி கொண்டுசெல்வதோ சமைப்பதோ வழக்கமில்லை. நாம் அவர்கள் வீட்டுக்குச் செல்லும் விருந்தினர்கள்.

குளிரை நம்மால் தாங்க முடியுமா?

சரியான உடை இருந்தால் முடியும். ஆயிரம் மீட்டர் ஏறும்போது சராசரியாக ஆறரை பாகை வெப்பம் குறையும். அந்தக் கணக்கில் நம் கரையில் 30 பாகை இருக்கும்போது முகாமின் உயரத்தில் மூன்று பாகை அளவில்தான் இருக்கும். இரவில் உறைநிலைக்கும் கீழே சென்றுவிடும். பருத்திச் சட்டையும் துண்டும் வியர்வையைப் பிடித்து வைத்து உடம்பைக் குளிர வைப்பதால் அவற்றை ஊரிலேயே விட்டுவிடுங்கள். விரைவில் உலரும் உள்சட்டை, அதன் மேல் கம்பளி, அதன் மேல் காற்றும் மழையும் புகாத மேலாடை என்று அடுக்கடுக்காக அணிய வேண்டும். இறகு திணித்த சட்டையையும் உறக்கப் பையையும் போக்ராவில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

சுமைதூக்குபவர்களை அமர்த்துவது சரியா?

சரிதான், அந்த ஊர்களில் பலருக்கு அதுவே வருமானம். இரண்டு பேருக்கு ஒருவர் என்று அமர்த்தி, ஒருவரிடம் 20 கிலோவுக்கு மேல் கொடுக்காமல் பார்த்துக்கொண்டோம். அவர்களிடம் குளிருடையும் நல்ல காலணியும் இருக்கின்றனவா என்று புறப்படும் இடத்திலேயே பாருங்கள். இல்லையென்றால் உங்கள் செலவில் வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள். விடுதியில் இடம் நெருக்கடியாகும்போது அவர்களுக்குப் படுக்கை கிடைத்ததா என்று கேட்ட பிறகே நாம் படுக்க வேண்டும்.

பனிச்சரிவு அபாயம் எங்கே இருக்கிறது?

ஹிமாலயாவுக்கு மேலிருந்து மச்சபுச்சரே முகாம் வரை. பள்ளத்தாக்கு அங்கே குறுகிவிடுகிறது. பாதையில் நிற்பவரின் கண்ணுக்கே தெரியாத உயரத்திலிருந்து பனி சரியும். 2020 ஜனவரியில் தேவ்ராலிக்கு அருகே நேர்ந்த சரிவில் தென்கொரியர் நால்வரும் நேபாளியர் மூவரும் இறந்தனர். வெயில் பட்டுப் பனி இளகும் முன், விடிந்தவுடன் அந்தப் பகுதியைக் கடந்துவிடுங்கள். புதுப்பனி விழுந்திருந்தால் விடுதிக்காரர் சொல்வதைக் கேளுங்கள். ஆற்றின் மறுகரையில் உள்ள மாற்றுப்பாதையைத் திறந்துவைத்திருந்தால் அதிலேயே செல்லுங்கள்.

பணம் எப்படிக் கொண்டுசெல்வது?

ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம். முழுப் பயணத்துக்கும் தேவையான பணத்தைப் போக்ராவிலேயே நேபாள ரூபாயாக எடுத்துக்கொள்ளுங்கள். மேலே செல்லச் செல்ல உணவு விலை கூடும். வெந்நீருக்கும் கைப்பேசிக்கு மின்னேற்றுவதற்கும் தனிக் கட்டணம் உண்டு. பயணக் காப்பீடு எடுக்கும்போது 4,000 மீட்டருக்கு மேலான ஹெலிகாப்டர் மீட்பு அதில் அடங்குகிறதா என்று ஆவணத்தைப் படித்துப் பாருங்கள்.

அவ்வளவு தூரம் சென்றும் அடிவார முகாமைப் பார்க்காமல் திரும்பியதில் வருத்தம் இல்லையா?

இருந்தது. தேவ்ராலியில் அன்று விடியற்காலையில் நண்பரின் உறக்கத்தைக் கலைக்காமல் வெளியே வந்து நின்றேன். மேலே எங்கோ மற்றவர்கள் சூரியன் எழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைவு மனத்தை வருத்தத்தான் செய்தது. ஆனால் அவர் எழுந்து வந்து, தலைவலி போய்விட்டது என்று சொல்லி இரண்டு கோப்பை இஞ்சித் தேநீர் வாங்கிக் குடித்தபோது, இறங்கிய முடிவைப் பற்றி எனக்குள் எந்த ஐயமும் இருக்கவில்லை. அடுத்த தடைக்காலத்தில் அவரும் நானும் இன்னும் இருவரும் மீண்டும் புறப்படுகிறோம். இந்த முறை ஹிமாலயாவிலும் தேவ்ராலியிலும் இரண்டிரண்டு இரவுகள் தங்குவது என்று பேசியிருக்கிறோம். உடன் இறங்கும் பொறுப்பை இம்முறை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.